ஒரு நாள் தள்ளி விழுந்த முத்திரை

ஐயா,

பம்பாய் நகரத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகப் போகாத மனிதன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வயது, விலாசம், தொழில் மாதிரி இதுவும் ஒரு விவரம். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக எந்த ரயிலும் காத்திருந்ததில்லை. என் இலையில் எந்தச் சாதமும் ஆறியதில்லை. நான் பிறந்ததுகூட டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில்தான் என்று அம்மா சொல்வாள். என் தம்பி பன்னிரண்டு நாள் தள்ளிப் பிறந்தான். அவனை நான் மதிப்பதில்லை.

அப்பீலுக்கான வாக்குமூலத்தை எந்த பாஷையில் வேண்டுமானாலும் தரலாம் என்று தங்கள் நோட்டீஸ் சொல்கிறது. பூனாவில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாராம். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். ஆனால் இங்கிலீஷில் எழுதினால், நான் செய்ததை யாரோ ஒரு கனவான் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தது மாதிரி இருக்கிறது. ஆகவே தமிழ். மொழிபெயர்ப்பாளருக்கு என் அனுதாபம்.

பெயர் நாணு. மாதுங்காவில் வாசம். காலையில் சட்டக் கல்லூரி, இரண்டாம் வருஷம். மத்தியானத்திலிருந்து வக்கீல் பஞ்சாபகேசன் ஆபீஸில் குமாஸ்தா. அதாவது இந்த மாதம் முதல் வாரம் வரைக்கும். அவர் மாதுங்கா முழுவதற்கும் பஞ்சு மாமா. எனக்கும் அப்படித்தான். இது தவிரக் கல்லூரியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறேன். மாதம் ஒரே பிரதி. அறுபது பேர் கைமாற்றிப் படிக்கிறார்கள். அதில் நான் எழுதுவது ஹாஸ்யம் என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். உண்மையைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை.

தாங்கள் கேட்டிருப்பது இது: தாராவி தோல்மண்டிச் சந்து ஜனங்களுடைய ஆட்சேப மனுவைத் தபாலில் சேர்த்தது யார், எந்தத் தேதியில், எங்கே. பதில்: நான். செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை. தபாலாபீஸ் வாசல் பெட்டியில். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டானால் அதையும் தெரிவிக்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். 'தெரிவிக்கலாம்' என்பதை நான் ஓர் அழைப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் கொள்கையைச் சொல்ல வேண்டும். பஞ்சு மாமா ஆபீஸில் எனக்கு முக்கிய வேலை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மனுக்களைப் பிரதி எடுப்பது. கெடு தாண்டி ஓடி வருகிற கட்சிக்காரர்களுக்கென்று மாமா ஒரு வாசகம் தயாராக வைத்திருக்கிறார். 'மிகப் பணிவுடன்' என்று ஆரம்பித்து, 'கருணை கூர்ந்து' என்று முடியும். நடுவில் காரணத்துக்கு இரண்டு வரி காலி. போன வருஷம் அந்த இரண்டு வரியில் நான் எழுதியதைக் கணக்கெடுத்தேன். ஜுரம் முப்பத்தொன்று. குர்லாவில் ரயில் நின்றது பன்னிரண்டு. மாமியார் காலமானது ஒன்பது. இதில் ஒரே கட்சிக்காரருக்கு மூன்று மாமியார்.

இந்த மனுக்களை விட மனுஷ ஜாதிக்குக் கேவலம் வேறில்லை. நேரம் தவறியவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, 'தவறிவிட்டேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் விழுந்து கும்பிட்டால் கடிகாரம் பின்னால் ஓடுமா? இதை மாமாவிடம் சொல்வேன். மாமா வெற்றிலையை மென்றுகொண்டே, "நோக்கு இன்னும் ஒண்ணுமே கை தவறிப் போகலைடா, அதான் பேசறே" என்பார்.

இனி தோல்மண்டிச் சந்து. நாற்பத்தாறு வீடு. வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரம், பலகை, சாக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடுகிறவர்கள். சந்து இருக்கும் இடத்தில் ரோடு போடப் போவதாக வடபகுதி விஸ்தரிப்புக் கமிட்டி ஆகஸ்டில் நோட்டீஸ் ஒட்டியது. ஆட்சேபம் உள்ளவர்கள் தபாலில் மனு அனுப்ப வேண்டும். செப்டம்பர் 30 தேதி வரையிலான தபால் முத்திரை உள்ள மனுவை மட்டும்தான் ஏற்பார்கள். மனு வந்தால், விசாரித்து, மாற்று இடம் கொடுத்த பிறகுதான் கமிட்டி தகரத்தில் கை வைக்கலாம். மனு வராவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். அவ்வளவுதான் சட்டம். நாற்பத்தாறு வீடும் ஒரு கவர்மேல் நின்றன.

சந்துக்கு முன்னின்று பேசுகிறவன் பூலோகம். நாற்பது வயது இருக்கும். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி அவனும் அவன் மனைவி முருகம்மாளும் ஆபீஸுக்கு வந்தார்கள். அவள் கர்ப்பமாக இருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, "இதுல உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும்" என்று தரையில் உட்கார்ந்தாள். மாமா மனுவை எழுதினார். வீட்டுக்கு ஒருவர் கைநாட்டு வைக்க வேண்டும். அன்று மாலையும் மறுநாளும் மை டப்பாவை எடுத்துக்கொண்டு நானே சந்துக்குப் போனேன்.

இங்கே ஒரு விவரம். சுண்ணாம்புத் தொட்டியில் வருஷக்கணக்காக ஊறிய கட்டைவிரலில் ரேகை இருப்பதில்லை. மையில் தோய்த்து அழுத்தினால் காகிதத்தில் நீலமாக ஓர் அவரைக்கொட்டை விழும். கோடு இல்லை, சுழி இல்லை. நாற்பத்தாறும் ஒரே கொட்டை. 'இவர்களில் எவன் எவன் என்று பிரம்மாவுக்கே தெரியாது' என்று அப்போதே என் நோட்டில் குறித்துக்கொண்டேன். நல்ல வாக்கியம். பிறகு உபயோகப்பட்டது.

குர்லாப் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்த மூன்று பேர் திரும்பி வந்து கைநாட்டு வைத்தது முப்பதாம் தேதி காலையில். மத்தியானம் பூலோகமும் முருகம்மாளும் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா கவரில் வைத்து ஒட்டினார். புதிதாக வந்திருந்த காந்தி தபால்தலையை நான் ஒட்டினேன். முருகம்மாள் கவரை வாங்கிப் பார்த்தாள்.

"இவுக மொகத்துலயா கரிய அடிப்பாவ?"

"அடிச்சாத்தான் செல்லும்" என்றேன்.

மாமா கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நாணு, இதைப் பெட்டிகிட்டியிலே போடாதே. கவுன்டர்லே குடு. அவன் முத்திரை குத்தறதைக் கண்ணாலே பாரு. போட்டதுக்கு சர்ட்டிபிகேட் வாங்கிண்டு வா. கேட்டியா?"

"கேட்டேன் மாமா."

முருகம்மாள் எழுந்திருக்கவில்லை. "நானே குடுத்துட்டு வாரேனே. தபாலாபீசு என்ன, சீமையிலயா இருக்கு?" என்றாள்.

"நீ சும்மா கெட. சாமி படிச்சவுக" என்றான் பூலோகம்.

"படிச்சவுகதான். சிரிக்காமச் சிரிக்காவ, பாத்தியளா? அதான் சொல்லுதேன்."

"நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போகலாம்" என்று சொன்னேன். போய்விட்டார்கள். அப்போது மணி ஒன்று. தபாலாபீஸ் பத்து நிமிஷ நடை.

இப்போது தபால் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பேட்டை தபாலாபீஸில் வெகு காலமாக ஒரு வழக்கம். வாசல் பெட்டியில் மாலை ஆறு மணிக்குள் விழுகிற கடிதத்தை அங்கேயே கொட்டி, அன்றைய தேதி முத்திரையை அங்கேயே குத்திவிடுவார்கள். பேட்டையில் கெடு உள்ளவர்கள் எல்லோரும் இந்த ஆறு மணியை நம்பியே வாழ்ந்தார்கள். செப்டம்பர் பதினைந்திலிருந்து அது மாறிவிட்டது. கவுன்டரில் கொடுப்பதற்கு மட்டும்தான் அங்கே முத்திரை. பெட்டியில் விழுவதைச் சாக்கில் கட்டிப் பெரிய ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். முத்திரை மறுநாள் காலை அங்கே விழும். அதாவது முப்பதாம் தேதி பெட்டியில் போட்ட கடிதம் ஒன்றாம் தேதி பிறந்ததாக ஜாதகம் எழுதப்படும். இதைப் பலகையில் இங்கிலீஷில் பாதிக் காகிதத்தில் ஒட்டியிருந்தார்கள். பஞ்சு மாமாவுக்குப் பலகை படிக்கும் வழக்கமில்லை. எனக்கு உண்டு. ஒட்டிய அன்றே படித்தேன். கவுன்டர் குமாஸ்தா சிராஜ், மேலப்பாளையத்துக்காரர், அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுச் சொல்லவும் சொன்னார்: "ஐயரே, வக்கீல் ஆபீஸ்லேந்து வர்றவரு நீங்கதான். இதை நல்லாப் படிச்சுக்கங்க. அப்புறம் நம்மகிட்ட வந்து லஃபடா பண்ணக் கூடாது."

எனவே தெரியாமல் நடந்தது என்று யாராவது எனக்காகச் சொன்னால், தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். அறியாமை என்ற குற்றச்சாட்டை நான் முழுவதும் மறுக்கிறேன்.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து கவர் என் மேஜைமேல் இருந்தது. எனக்கு வேறு ஜோலி இருந்தது. பென்சில் சீவினேன். ஆறு பென்சில். சுவர்க் கடிகாரத்தில் நாலே கால் ஆனதும் கிளம்பினேன்.

தாங்கள் பூனாவில் இருப்பதால் இதையும் விளக்க வேண்டும். இந்த ஊரில் மணி இரண்டு. சர்க்கார், ரயில், தபால் எல்லாம் ஸ்டாண்டர்டு டயம். முனிசிபாலிட்டியும் அதை நம்புகிற வீடுகளும் பம்பாய் டயம். முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால். எங்கள் ஆபீஸ் கடிகாரம் பம்பாய்க் கட்சி. தபால் கவுன்டர் ஐந்துக்கு மூடுவது ஸ்டாண்டர்டு கட்சி. ஆக நான் கிளம்பியபோது தபாலாபீஸில் மணி ஐந்தாக ஆறு நிமிஷம். நடை பத்து நிமிஷம். நான் நாலரைக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன் என்று முனிசிபாலிட்டி சத்தியம் செய்யும். இந்த முப்பத்தொன்பது நிமிஷத்தை மறக்கிறவன் இந்த ஊரில் ஒரு ரயிலும் பிடித்ததில்லை. நான் எல்லா ரயிலும் பிடித்திருக்கிறேன் என்று முன்பே சொன்னேன்.

கவுன்டர் பலகையைச் சிராஜ் பாதி இறக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயரே, இன்னைக்கு லேட்டு? அர்ஜென்டா இருந்தா குடுங்க, இன்னும் ஸ்டாம்பைக் கழுவலை. அடிச்சுர்றேன். பெட்டியில போட்டா நாளைத் தேதிதான்."

"அர்ஜென்ட் இல்லை" என்றேன்.

"பாத்துக்கங்க."

"பார்த்துக்கொண்டேன்."

பிறகு வெளியே வந்து பெட்டியில் போட்டேன். கவர் உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை; பெட்டி அன்று நிறைய இருந்தது.

மறுநாள் பூலோகம் ஆபீஸ் வாசலில் நின்றான். "போட்டாச்சா சாமி?" "போட்டாச்சு" என்றேன். அது உண்மை. சர்ட்டிபிகேட் எங்கே என்று மாமா கேட்டதற்கு, கவுன்டர் மூடிவிட்டது, பெட்டியில் போட்டேன் என்றேன். அதுவும் உண்மை. ஆறு மணிக்கு முன்னால் போட்டாயா என்றார். ஆமாம் என்றேன். மாமா நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டார். மூன்று கேள்விக்கு மூன்று உண்மை.

அக்டோபர் பதினாலாம் தேதி கமிட்டி அதிகாரி முன்னால் விசாரணை. சந்திலிருந்து பத்துப் பேர் குளித்து, வெள்ளை உடுத்து வந்து நின்றார்கள். அதிகாரி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றாம் தேதி முத்திரை. மாமாவுக்கு முகம் வெளுத்தது. பலகைச் சமாசாரம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நான் எதிர்பார்த்தது, அதிகாரி கவரைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிடுவார் என்று. அவர் அப்படிச் செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாள் விஷயம். பெட்டி ஏற்பாடு மாறினது ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பதாம் தேதி போட்டேன் என்று போட்டவர் எழுதிக் கொடுத்தால் நான் எடுத்துக்கொள்கிறேன். யார் போட்டது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என் குமாஸ்தா. இதோ நிக்கறான்" என்றார் மாமா. நின்றபடியே மன்னிப்பு மனுவை எழுதினார். எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, வாசகம் மனப்பாடம். 'மிகப் பணிவுடன்.' பேனாவை என் கையில் கொடுத்தார். "போடுடா கையெழுத்து."

இந்த இடத்தில் தாங்கள் கொஞ்சம் என் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்டு மாதப் பத்திரிகையில் 'முத்திரை மாகாத்மியம்' என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சர்க்காருக்கு மனுஷன் தெரிவதில்லை, கவர்மேல் விழுகிற வட்டம்தான் தெரிகிறது. உள்ளே உயிரே போனாலும் வெளியே தேதி போகக் கூடாது என்பது அதன் சாரம். அறுபது பேர் சிரித்தார்கள். பஞ்சு மாமா மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாலைந்து கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நன்னாத்தான் எழுதியிருக்கே. ஆனா பொய்டா. ஒரு நாளுக்காக எந்த அதிகாரியும் மனுஷாளைத் தெருவிலே தள்ள மாட்டான். நான் முப்பது வருஷமாப் பார்த்துண்டிருக்கேன். நீ ஒரு உதாரணம் சொல்லு பார்ப்போம். ஒண்ணே ஒண்ணு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கட்சிக்காரர் சிரித்தார், மூன்று மாமியார்க்காரர்தான்.

என்னிடம் உதாரணம் இல்லை. அதற்கு முன் யாரும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை.

இப்போது அந்த அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, என் கட்டுரையை என் கண்ணெதிரிலேயே கிழிக்கப் பார்க்கிறார். நான் எழுதியது உண்மை என்றால் அவர் அப்படிப் பேசக் கூடாது. பேசிவிட்டார். அவர் தப்பைத் திருத்த அந்த அறையில் என்னைத் தவிர ஆளில்லை.

"எந்தத் தேதியில் போட்டேன் என்று ஞாபகமில்லை" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். "டேய், நான் போன தீபாவளிக்குச் சொன்ன ஜோக்கைத் தேதியோட திருப்பிச் சொல்றவன் நீ. பதினாலு நாள் முன்னாடிப் போட்ட தபால் ஞாபகமில்லையா?"

"இல்லை மாமா."

"ஆறு மணிக்கு முன்னாடி போட்டேன்னு சொன்னியே."

"எந்த நாள் ஆறு மணி என்று சொல்லவில்லை."

பூலோகத்துக்கு இங்கிலீஷ் புரியாது. எங்கள் தமிழ் புரிந்தது. மெதுவாக, "சாமி, நல்லா ஓசிச்சுப் பாருங்க. மத்தியானம் நாங்க வந்தம்லா? முருகம்மாகூட அந்தத் தாத்தா படத்தப் பாத்து என்னமோ சொன்னாள்லா?" என்றான். எனக்கு நினைவெடுத்துக் கொடுக்கிறானாம். நான் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

என் ஆயுளில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதையும் உண்மையைக் காப்பாற்றத்தான் சொன்னேன். கையெழுத்தில்லாமல் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மனு தள்ளுபடி. கவரை அவர் ஒரு பக்கம் வைத்தார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

சந்தை இடித்தது நவம்பர் பதினைந்து. காலை எட்டு மணிக்கு ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்; எட்டுக்கே ஆரம்பித்தார்கள். நோட்டோடு போயிருந்தேன். பதினொன்றரைக்குச் சந்து இல்லை. தகரத்தை ஒரு பக்கமும் பலகையை ஒரு பக்கமும் அடுக்கினார்கள், ஒழுங்கான வேலை. ஜனங்கள் சிலர் குர்லாவுக்கும் சிலர் பாண்டுப்புக்கும் போனார்கள். போக இடமில்லாதவர்கள் ரயில் வேலியோரம் கித்தானைக் கட்டினார்கள். அந்தக் கித்தானுக்கடியில் பதினேழாம் தேதி முருகம்மாளுக்குக் குழந்தை பிறந்தது. இருபத்திரண்டாம் தேதி அடித்த புயல் தங்களுக்கு நினைவிருக்கும். பூனாவிலும் மரங்கள் விழுந்திருக்கலாம். கித்தான் நிற்கவில்லை. குழந்தையும் நிற்கவில்லை. புயலுக்கு நான் பொறுப்பல்ல. குழந்தையின் பெயரை இங்கே எழுதியிருப்பேன். அவர்கள் இன்னும் வைத்திருக்கவில்லை.

டிசம்பர் இதழில் கட்டுரையை உதாரணத்தோடு திருப்பி எழுதினேன். தேதி, முத்திரை, நாற்பத்தாறு வீடு, மூன்றரை மணி நேரம். அவரைக்கொட்டை வாக்கியத்தை நடுவில் வைத்தேன். அந்த இடத்தில் வகுப்பே சிரித்தது. இப்போது அந்தக் கட்டுரையில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

பஞ்சு மாமா அதையும் படித்தார். முழுக்கப் படித்தார். பத்திரிகையை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, "உதாரணம் கிடைச்சுடுத்தா" என்றார். பிறகு, "நாளையிலேர்ந்து வராதே" என்றார். அவர்தான் தங்களுக்கு அப்பீல் எழுதியவர். கவுன்டரில் நடந்ததைச் சிராஜ் பூலோகத்திடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கவரில் இருந்தது எந்த மனு என்று சிராஜுக்குத் தெரியாது. அதனால் அவர் சாட்சி போதவில்லை. கடைசியில் எல்லாம் திரும்ப என் கையெழுத்துக்கே வந்து நின்றது.

டிசம்பர் பதிமூன்றாம் தேதி பூலோகம் என் வீட்டுக்கு வந்தான். மாடிப்படியில் நின்றான். மேலே வரச் சொன்னேன், வரவில்லை. சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்து, அதற்கு இரண்டு மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"எதுக்கு சாமி?" என்றான்.

அவ்வளவுதான். "எழுதித் தருகிறேன்" என்றேன்.

"எளுதித் தாங்க. பூனாவுல கேக்காவளாம். இருவதாந் தேதிக்குள்ள முத்திர விளணும்னு வக்கீல் ஐயா சொல்லுதாவ. விளுந்துட்டா மனு உசிரோட இருக்காம். பளைய எடத்துலயே உக்காரலாமாம். இல்லன்னா கண்ட்ராக்டுகாரன் கைக்குப் போயிருமாம். நாப்பத்தாறு வீட்டுச் சனமும் அங்கங்க காத்துக் கெடக்கு." படியில் இரண்டு இறங்கிவிட்டுத் திரும்பினான். "ரெண்டு வரி போதும்னாவ, சாமி."

இரண்டு வரி போதாது என்று எனக்குத் தெரியும். நான் வருத்தப்படவில்லை என்பதையும் அதில் சொல்ல வேண்டியிருந்தது. வருத்தப்பட என்ன இருக்கிறது? முத்திரை என்ற விதியை எழுதியது நானல்ல. பெட்டி ஏற்பாட்டை மாற்றியது நானல்ல. இரண்டு கடிகாரம் வைத்தது நானல்ல. ஒவ்வொருவரும் அவரவர் விதியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த விதிகளெல்லாம் ஒரு கவர்மேல் சந்தித்தால் என்ன நடக்கும் என்று கடைசி வரை நின்று பார்த்தவன் நான் ஒருவன். தாங்கள் என்னைச் சட்டக் கல்லூரியிலிருந்து நீக்கச் சிபாரிசு செய்யலாம். சிறையில் வைக்கலாம். நான் எழுதியது பொய் என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது.

வாக்குமூலம் இத்துடன் முடிந்தது. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை மனுவைப் பெட்டியில் போட்டது நானே.

தேதியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பூலோகம் வந்துபோன மறுநாளே எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் அன்றே சரியாக அமைந்தது. புயல் வருகிற இடம் அமையவில்லை. ஆறு தடவை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது பென்சில் விஷயம் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அதைச் சேர்த்தால் முன்பின் எல்லாம் மாற வேண்டியதாயிற்று. நேற்று மாலை கவுன்டர் மூடும்போது நான் குழந்தை வாக்கியத்தில் இருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

இன்று இருபத்தொன்று.

ஆகவே மிகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. எனக்கு மூன்று நாளாக ஜுரம். உடம்பு லேசாகச் சுடத்தான் சுடுகிறது. இந்த ஒரு நாள் தாமதத்தை மன்னித்து, கருணை கூர்ந்து, இதற்கு இருபதாம் தேதி முத்திரை விழுந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை, நாற்பத்தாறு குடும்பம் இருக்கிறது. ஜுரத்துக்குச் சாட்சியாக யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றால், பஞ்சு மாமா போட மாட்டார். சிராஜும் மாட்டார். பூலோகம் இப்போது பாண்டுப்பில் இருக்கிறார். போய்க் கேட்கிறேன். அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.